ஷூர் எஸ்எம்7பி: "ஃபேன் சார்" என்று கேட்கிறதா, "ஏன் சார்" என்று கேட்கிறதா?

மேலாளர் (கத்தலாக): "இந்த ஆபீஸ்ல என்னைத் தவிர வேலை செய்யறது யாருய்யா?"
(ஒன்றரை விநாடி மௌனம்)
குமாஸ்தா (முணுமுணுப்பாக): "ஃபேன் சார்."

ரேடியோவுக்கு நகைச்சுவை எழுதி, தானே பேசி, தானே எடிட்டும் செய்கிறவர் ஒரு மைக்கை எடை போட இந்த மூன்று வரி போதும். ஒரு கத்தல், ஒரு மௌனம், ஒரு முணுமுணுப்பு. செய்தி வாசிப்பவரிடமோ பேட்டி எடுப்பவரிடமோ இந்த மூன்றும் ஐந்து விநாடிக்குள் அடுத்தடுத்து வருவது அபூர்வம். எஸ்எம்7பி பற்றி வரும் பெரும்பாலான விமர்சனங்கள் ஒரே சுருதியில் பேசுகிறவர்கள் செய்தவை. அவர்களுக்கு அது அருமையான மைக், அதில் சந்தேகமில்லை. சிரிக்க வைக்கிறவர் கையில் அதே மைக் கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

முதலில் அடிப்படை. இது டைனமிக் வகை (காந்தமும் கம்பிச் சுருளும் கொண்டு ஒலியை மின்சாரமாக்குவது), முன்பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு. எஸ்எம்7 வரிசை 1970களில் தொடங்கியது. இப்போது விற்கும் பி வடிவம் 2001ல் வந்தது. உள்ளே ஒலியை வாங்கும் பகுதியான காப்ஸ்யூல், அதே ஷூரின் எஸ்எம்57 மைக்குக்கு உறவு. எடை சுமார் 765 கிராம். பின்பக்கம் இரண்டு குட்டி ஸ்விட்ச்: ஒன்று அடித்தொண்டை கனத்தைக் குறைப்பது, மற்றொன்று நடு அதிர்வெண்ணைக் கொஞ்சம் தூக்குவது. பெட்டியில் கூடுதலாக ஒரு தடித்த ஃபோம் உறை, ஸ்விட்சுகளை மூடும் தகடு, ஸ்டாண்டுக்கான திருகு அடாப்டர். அவ்வளவுதான். யுஎஸ்பி கிடையாது, ஸ்டாண்ட் கிடையாது, கேபிளும் கிடையாது.

குறை என்று சொல்லப்படுவதில் முதலிடம் அதன் குரல் தாழ்வுக்கு. 94 டெசிபல் சத்தத்துக்கு இது கொடுப்பது 1.12 மில்லிவோல்ட். மேடைகளில் எல்லோர் கையிலும் இருக்கும் எஸ்எம்58 அதே சத்தத்துக்கு 1.85 கொடுக்கும். இதை நம் மூன்று வரிக்குப் பொருத்திப் பாருங்கள். மைக்குக்கு அருகில் சாதாரணப் பேச்சு தோராயமாக 85 டெசிபல், அதற்கு 0.4 மில்லிவோல்ட் வரும். மேலாளரின் கத்தல் 105ஐத் தொட்டால் 4 மில்லிவோல்ட். குமாஸ்தாவின் முணுமுணுப்பு 65க்கு இறங்கினால் 0.04. மேலே உள்ளவருக்கும் கீழே உள்ளவருக்கும் நூறு மடங்கு இடைவெளி, நிஜ ஆபீஸ் மாதிரியே.

ஷூர் நிறுவனமே இந்த மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, வேண்டும் என்கிறது. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் பலவற்றில் கெயின் குமிழ் 50, 56 என்று நின்றுவிடும். அந்தக் கடைசி எல்லைவரை திருகினால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் ஏறும். தொடர்ந்து பேசிக்கொண்டே இருப்பவருக்கு அது தெரியாது, பேச்சு அதை மூடிவிடும். நமக்குத்தான் ஒன்றரை விநாடி மௌனம் இருக்கிறதே. கேட்பவர் முழுக் காதையும் கொடுத்து அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கும் நேரம் அது. அப்போது கேட்பது இரைச்சல் மட்டும் என்றால் பஞ்ச் பாதி செத்த நிலையில்தான் வந்து சேரும்.

அதனால் இந்த மைக்கைப் பற்றிய தீர்ப்பு பாதி உங்கள் ப்ரீஆம்ப், அதாவது இன்டர்ஃபேஸுக்குள் மைக் சிக்னலைப் பெருக்கும் பகுதி, பற்றிய தீர்ப்புதான். இன்டர்ஃபேஸின் விவரத்தாளில் இஐஎன் என்ற எண்ணைப் பாருங்கள். ப்ரீஆம்ப் தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு அது, மைனஸில் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது. மைனஸ் 128 பக்கம் இருந்தால் நிம்மதி. மைனஸ் 120 பக்கம் இருந்தால் எஸ்எம்7பியை அதில் மாட்டி மௌன நகைச்சுவை செய்ய நினைக்க வேண்டாம். இடையில் ஒரு பூஸ்டர் போடலாம்: கிளவுட்லிஃப்டர் சிஎல்-1 போன்றவை 25 டெசிபல், ஃபெட்ஹெட் போன்றவை 27 டெசிபல் அளவுக்குத் தூக்கிக் கொடுக்கும். இவற்றுக்கு இன்டர்ஃபேஸிலிருந்து மைக் கேபிள் வழியாகவே 48 வோல்ட் மின்சாரம் (பாண்டம் பவர்) போக வேண்டும். அதை ஆன் செய்ய மறந்துவிட்டு 'மைக் செத்துப்போச்சு' என்று அலறுவது எல்லா ஸ்டூடியோவிலும் நடப்பதுதான். ஆனால் 60க்கு மேல் சுத்தமாகத் தரும் ப்ரீஆம்ப் ஏற்கெனவே இருந்தால் பூஸ்டர் வீண் செலவு. அதை வாங்கச் சொல்லும் விளம்பரங்கள் இந்த விஷயத்தைச் சொல்வதில்லை.

2023ல் வந்த எஸ்எம்7டிபி இந்த பூஸ்டரை உள்ளேயே வைத்திருக்கிறது. 18 அல்லது 28 டெசிபல் என்று தேர்ந்தெடுக்கலாம், வேண்டாமென்றால் பைபாஸில் போடலாம். புதிதாக வாங்குகிறவர், கையில் சாதாரண இன்டர்ஃபேஸ்தான் இருக்கிறது என்றால், பி-யையும் தனி பூஸ்டரையும் சேர்த்து வாங்குவதைவிட இதை எடுப்பது சுலபம். மேசையில் ஒரு பெட்டியும் ஒரு கேபிளும் குறையும்.

கெயினை எந்த வரிக்கு வைப்பது? கத்தலுக்குத்தான். ஒத்திகையில் மேலாளரின் வரியை முழு ஆவேசத்தோடு பேசவைத்து, மீட்டர் மைனஸ் 6 டெசிபல் பக்கம் நிற்கும்படி வைக்க வேண்டும் (0ஐத் தாண்டினால் சத்தம் கிழியும்). இங்கே ஒரு எச்சரிக்கை. ஒத்திகையில் யாரும் முழுதாகக் கத்துவதில்லை. ரிகார்டிங் விளக்கு எரிந்ததும் 6 டெசிபல் கூடுதலாகத்தான் வரும். அதற்கும் சேர்த்து மைனஸ் 12ல் வைத்தால் நல்லது. முடிந்தால் அதே சிக்னலை இரண்டாவது சேனலிலும் 10 டெசிபல் குறைத்துப் பதிந்துகொள்ளுங்கள். முதல் சேனலில் சத்தம் கிழிந்தால் அந்த ஒரு சொல்லை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்து ஒட்டலாம். 32 பிட் ஃப்ளோட் கருவி இருந்தால் கிழிவது பற்றிக் கவலை குறையும். ஆனால் முணுமுணுப்புக்கு அடியில் இருக்கும் இரைச்சலை அது போக்காது. அது ப்ரீஆம்பின் வாசலிலேயே ஏறிக்கொண்ட சரக்கு.

இப்போது தலைப்புக்கு வருவோம். இரைச்சலை மறைக்கப் பலரும் போடுவது நாய்ஸ் கேட். குரல் ஒரு அளவுக்குக் கீழே போனால் கதவை மூடும், மேலே வந்தால் திறக்கும். சிக்கல் என்னவென்றால் 'ஃப' என்ற ஒலி வெறும் காற்று. அடுத்து வரும் 'ஏ' என்ற உயிரொலியைவிடப் பல டெசிபல் தாழ்ந்தது. கதவு அந்தக் காற்றைக் குரலாகவே மதிப்பதில்லை, 'ஏ' வந்த பிறகுதான் திறக்கிறது. பதிவில் விழுவது: "ஏன் சார்."

மேலாளர் யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்க, குமாஸ்தா ஏன் என்று கேட்கிறான். இது வேறு ஏதோ ஜோக். 'ஹ', 'ஸ' போன்ற காற்றொலிகளில் தொடங்கும் சொற்களும், தாழ்ந்த குரலில் சொல்லும் 'ம்', 'ந' ஒலிகளும் இதே கதிக்கு ஆளாகும். தமிழில் பஞ்ச் பெரும்பாலும் கடைசிச் சொல்லில், அதுவும் அடங்கிய குரலில் வரும் என்பதால் அடி சரியாக அங்கேயே விழுகிறது.

மருந்து இதுதான். நாய்ஸ் கேட்டை எடுத்துவிட்டு, தாழ்ந்த சத்தத்தை முழுதாக வெட்டாமல் கொஞ்சம் மட்டும் தாழ்த்தும் எக்ஸ்பாண்டர் போடுங்கள். விகிதம் 2:1, குறைக்கும் ஆழம் 8 டெசிபல் போதும், ஹோல்ட் (கதவைத் திறந்தே வைக்கும் நேரம்) 250 மில்லி விநாடி, ரிலீஸ் (மெல்ல மூட எடுக்கும் நேரம்) 300. வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்க்கும் லுக்அஹெட் வசதி இருந்தால் 10 மில்லி விநாடி கொடுங்கள். கதவு முழுதாக மூடாமல் ஒருக்களித்து நிற்கும், 'ஃப' நுழைந்துவிடும். நேரடி ஒலிபரப்பு அல்ல என்றால் இதையும் தவிர்த்துவிட்டு, ரிகார்டிங் முடிந்ததும் யாரும் அசையாமல் 30 விநாடி வெறும் அறையைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். மௌனத்தை நீட்டவோ குறைக்கவோ வேண்டிய இடத்தில் அந்த அறைச் சத்தத்தைத்தான் வைக்க வேண்டும். முழுச் சூனியத்தை வைத்தால் கேட்பவர் ரேடியோ நின்றுவிட்டதோ என்று பெட்டியைத் தட்டுவார்.

உரத்த சத்தத்தை அழுத்தி ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரிலும் கவனம். விகிதம் 3:1, அட்டாக் 15 மில்லி விநாடி, ரிலீஸ் 200, அழுத்தம் 4 முதல் 6 டெசிபல். இதற்கு மேல் அழுத்தினால் மேலாளர் கத்தி முடித்ததும் மௌனம் வீங்கும், அறை மூச்சு விடுவது மாதிரி கேட்கும். எஃப்எம் நிலையங்கள் தங்கள் பங்குக்குக் கடைசிக் கட்டத்தில் இன்னொரு முறை அழுத்தித்தான் காற்றில் விடும், நீங்கள் விட்ட இரைச்சலை அது மேலும் தூக்கும். ஸ்டூடியோ ஹெட்ஃபோனில் சரியாக இருந்தது, காரில் கேட்டால் இரைகிறது என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மின்கணக்கு போகட்டும். எஸ்எம்7பியில் நகைச்சுவைக்காரரைப் படுத்தும் இன்னொரு குணம் நெருங்கினால் கனம் கூடுவது. வாயை ஃபோமில் ஒட்டிப் பேசினால் அடிக்குரல் தேன் மாதிரி வழியும். 15 செ.மீ. பின்னால் போனால் தேன் வற்றிவிடும். கத்தும்போது தலையைப் பின்னால் இழுப்பதும் முணுமுணுக்கும்போது கிட்டே வருவதும் எல்லோருக்கும் தெரிந்த மைக் பழக்கம். 5 செ.மீ.யிலிருந்து 15 செ.மீ.க்குப் போனால் ஏறத்தாழ 10 டெசிபல் தானாகக் குறையும், நூறு மடங்கு இடைவெளியில் ஒரு பகுதி உடம்பை அசைத்தே அடைபட்டுவிடும். ஆனால் விளைவைக் கேளுங்கள். அதிகாரம் தெறிக்க வேண்டிய மேலாளர் மெலிந்த குரலில் கத்துகிறார். பயந்து நடுங்க வேண்டிய குமாஸ்தாவோ நள்ளிரவுக் காதல் பாட்டு நிகழ்ச்சி நடத்துகிறவர் மாதிரி கணீரென்று "ஃபேன் சார்" என்கிறார். பாத்திரங்கள் இடம் மாறிவிட்டன.

இதற்குத் தூரத்தைக் கூட்டாமல் கோணத்தை மாற்றுவது நல்ல வழி. இரண்டு குரலையும் ஒருவரே பேசினால் மேலாளரை மைக்குக்கு நேராக 8 செ.மீ.யில் வைத்துக் கெயினைக் குறைத்துக்கொள்ளுங்கள். குமாஸ்தாவை அதே தூரத்தில், மைக்கின் நேர்முகத்திலிருந்து 45 பாகை பக்கவாட்டில் தள்ளி இருந்து பேசுங்கள். இந்த மைக்கில் பக்கவாட்டுக் குரல் அளவில் குறையுமே தவிர அவ்வளவாக நிறம் மாறாது, அது இதன் பெரிய பலம். இரண்டையும் தனித்தனி டிராக்கில் பதிந்தால் குமாஸ்தாவுக்கு மட்டும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். பின்னால் உள்ள அடிக்குரல் குறைப்பு ஸ்விட்ச் இந்த வேலைக்கு வசதிப்படாது. சின்ன ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் தள்ள வேண்டிய குழி ஸ்விட்ச் அது, வரிக்கு வரி மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஒரு முறை வைத்தால் வைத்ததுதான்.

நகர்ந்து நகர்ந்து நடிக்கிறவர் என்றால் எலக்ட்ரோ வாய்ஸ் ஆர்இ20ஐ முதலில் பாருங்கள். 1968ல் வந்த மாடல். உடம்பு முழுக்கத் துளை வரிசை வைத்து இந்த நெருக்கக் கனத்தையே மட்டுப்படுத்தும் வடிவமைப்பு. நடிகர் 5 செ.மீ.யில் இருந்தாலும் 20 செ.மீ.யில் இருந்தாலும் குரலின் நிறம் பெரிதாக மாறாது, அளவுதான் மாறும். எடை கிட்டத்தட்ட இதே அளவுதான், கெயின் பசியும் ஏறக்குறைய இதே. பல குரல் மன்னர்களுக்கு ஆர்இ20, உட்கார்ந்த இடத்தில் தன் எழுத்தைத் தானே வாசிக்கும் கிண்டல்காரருக்கு எஸ்எம்7பி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கணக்கு இப்படித்தான் பிரியும்.

இரண்டு பேர் ஒரே மைக்கில் பேசலாமா? நெருக்கடியில் பேசலாம். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆளுக்கு 45 பாகையில் பேசினால் ஒன்றரை டெசிபல்தான் இழப்பு. கஷ்டம் வேறு இடத்தில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது, இருவர் நகைச்சுவையின் நேரக்கணக்கு கண்ணில் இருக்கிறது. 1930களிலிருந்து ஸ்டூடியோக்களில் இருந்த ஆர்சிஏ 44 போன்ற ரிப்பன் மைக்குகள் முன்னும் பின்னும் சமமாகக் கேட்கும். நடுவில் மைக்கை வைத்து இரு நடிகர்கள் நேருக்கு நேர் நின்று மோதிக்கொண்டார்கள். அந்த வசதி கார்டியாய்டில் இல்லை. ஆளுக்கொரு எஸ்எம்7பி வைத்து, ஒருவரின் மைக் முதுகு அடுத்தவரைப் பார்க்கும்படி எதிரெதிரே உட்காருங்கள். கார்டியாய்டு தன் முதுகுப்பக்கத்தைக் கேட்காது, ஒருவர் சிரிப்பு அடுத்தவர் டிராக்கில் அவ்வளவாகக் கசியாது. பேசாதவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டால் அந்தச் சிரிப்பை எடிட்டில் வைப்பதா தூக்குவதா என்று முடிவு செய்யும் உரிமை உங்களிடமே இருக்கும்.

அந்த முதுகை ஸ்கிரிப்டுக்கும் பயன்படுத்தலாம். தாளைப் பக்கவாட்டில் வைத்தால் புரட்டும் சத்தம் விழும். மைக்குக்கு நேர் பின்னால், கண் மட்டத்தில் ஸ்டாண்ட் வைத்து அதில் தாளை வையுங்கள். தலை குனியாது, தொண்டை மடங்காது, சரசரப்பும் பெரும்பாலும் அடங்கும். ஒரு பக்க அச்சு மட்டும், ஸ்டேபிள் கூடாது. மேலாளரின் கேள்வி ஒரு பக்கக் கடைசியிலும் "ஃபேன் சார்" அடுத்த பக்கத் தொடக்கத்திலும் விழுந்தால் எந்த மைக்கும் காப்பாற்றாது, ஒன்றரை விநாடி மௌனம் தாள் புரட்டும் மௌனமாகிவிடும். பக்கத்தை எங்கே உடைப்பது என்பதும் எழுதுகிறவர் வேலைதான்.

மேசையைக் குத்துகிறவர்களுக்கு நல்ல செய்தி: காப்ஸ்யூல் உள்ளே காற்று மெத்தையில் தொங்குகிறது, லேசான அதிர்வை விழுங்கிவிடும். ஓங்கிக் குத்தினால் மைக்கைத் தாங்கும் கை போன்ற ஆர்ம் வழியாக ஏறத்தான் செய்யும். 765 கிராமைத் தாங்காத மலிவு ஆர்ம் வேறு என்றால் மைக் பாட்டுக்கு மெல்லத் தலை குனிந்து, அரை மணி நேரத்தில் உங்கள் மார்பைப் பேட்டி எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு கிலோவுக்கு மேல் தாங்கும் ஆர்ம் எடுங்கள். கம்ப்யூட்டர் திரை, மின்மாற்றி அருகில் வரும் 'ம்ம்ம்' ஒலிக்கு உள்ளே நல்ல கவசம் உண்டு, அதில் குறை சொல்ல இடமில்லை.

பாப் சத்தம் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்ப் 'ப' மெல்ல வெடிப்பது. ஆங்கிலக்காரரின் 'ப' போலக் காற்றை ஊதாது. ஆகவே சாதாரணத் தமிழ்ப் பேச்சுக்கு மெல்லிய ஃபோமே போதும். ஆனால் நகைச்சுவையில் யாரும் சாதாரணமாகப் பேசுவதில்லை. வில்லன், மேடைப் பேச்சாளர், ஆங்கிலம் கலந்து அலட்டுகிறவர் என்று மிகைக் குரல்கள் வரும் ஸ்கிரிப்டுக்குத் தடித்த ஃபோமை மாட்டுங்கள். உச்சக் கூர்மை சற்று மழுங்கும். அதற்கு நடு அதிர்வெண் ஸ்விட்சைத் தூக்கி ஈடு செய்யலாம், சொல் தெளிவு கூடும். பெண் குரல், உச்சஸ்தாயிக் குரல் என்றால் அந்த ஸ்விட்ச் காதைக் குத்தக்கூடும், கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

டிவிக்கு? குரல் மட்டும் போகும் பின்னணிப் பேச்சுக்குத் தாராளமாக. கேமரா முன் உட்கார்ந்து பேசும் நகைச்சுவைக்கு வேண்டாம். இந்த உருளை சரியாக வாயை மறைக்கும். முகத்தில் பஞ்ச் முதலில் தெரிவது உதட்டோரத்தில். அதை மறைத்துவிட்டு நல்ல ஒலி கிடைத்தது என்று மகிழ்வதில் பொருளில்லை. சட்டையில் குத்தும் லேப்பல் மைக்கோ தலைக்கு மேல் கோலில் நீட்டும் பூம் மைக்கோ போதும். பார்வையாளர் அரங்கு என்றால் அவர்கள் சிரிப்புக்குத் தனி மைக்குகள், தனி டிராக்குகள் கட்டாயம். நடிகர் மைக்கில் கசிந்து வரும் சிரிப்பை நம்பினால் நடிகர் பேசும்போதெல்லாம் சிரிப்பு ஏறி இறங்கும். டிவிக்கு முடித்த ஒலியைக் கொடுக்கும்போது ஐரோப்பிய முறையில் சராசரி மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு), அமெரிக்க முறையில் மைனஸ் 24. நீண்ட மௌனங்களை அளவுகோல் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், மௌனம் விட்டால் சராசரி இறங்கிவிடுமோ என்று பயந்து பஞ்சுக்கு முந்தைய இடைவெளியை வெட்ட வேண்டாம்.

தெருவில் இறங்கி ஆட்களை மடக்கிக் கேள்வி கேட்கும் பகுதிக்கும் இது உதவாது. கையில் பிடிக்கும் மைக்கே அல்ல. அதற்கு எலக்ட்ரோ வாய்ஸ் ஆர்இ50 போல எல்லாப் பக்கமும் கேட்கும், கைச்சத்தம் ஏறாத மைக் வேண்டும்.

பராமரிப்பு குறைவு. ஃபோமை அவ்வப்போது கழற்றி மிதமான சோப்பு நீரில் அலசி, நிழலில் முழுதாகக் காயவைத்து மாட்டுங்கள். பல பேர் பேசும் ஸ்டூடியோவில் ஆளுக்கொரு ஃபோம் இருப்பது நாகரிகம். வருடங்கள் போனால் ஃபோம் பொடிந்து உதிரும், தனியாக வாங்கலாம்.

பழையது வாங்கினால் போலிகள் உலவுவதை மனதில் வையுங்கள். தராசில் வைத்துப் பாருங்கள், ஸ்விட்சுகள் உண்மையிலேயே குரலை மாற்றுகின்றனவா என்று கேளுங்கள். பிறகு கேட், கம்ப்ரஸர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கெயினை 60ல் வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி அந்த மூன்று வரியையும் பேசிப் பதியுங்கள். மீண்டும் போட்டுக் கேட்கும்போது மௌனத்தில் இரைச்சல் கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ப்ரீஆம்பை. கேட்டை அணைத்த பிறகும் "ஏன் சார்" என்றே விழுந்தால், குமாஸ்தாவை இன்னும் கொஞ்சம் கிட்டே வரச் சொல்லுங்கள்.